குளிர்மலை ஓட்டமும் அடுக்கு உடையும்

செர்காம் வட்டாரத்தில் ஓடிப் பழகிய நம் இளைஞர்களுக்கு வெயிலும் வியர்வையும் புதியன அல்ல, குளிர்தான் புதிது. கேமரன் மலையிலோ, சபாவின் கினபாலு மலையிலோ ஓடச் செல்வோர், கால்வலிமையை மட்டும் நம்பிப் புறப்படுதல் கூடாது. உடையைத் தேர்ந்தெடுப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியே ஆகும்.

உயரம் கூடக் கூட வெப்பம் குறைகிறது. 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் வீதம் இக்குறைவு ஏற்படுகிறது. கடலோரத்தில் 28 பாகை இருப்பின், 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு உச்சியில் ஏறக்குறைய 1.4 பாகையே இருக்கும் எனக் கணக்கிடலாம். காற்று வீசினால் குளிர் இன்னும் கடுமையாகும்.

இதற்கு ஒரே தடித்த சட்டையை அணிவது தீர்வாகாது. மூன்று அடுக்குகளே ஏற்றவை.

முதலாவது, உடலை ஒட்டிய அடுக்கு. இது வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் மெல்லிய பாலியெஸ்டர் துணியாகவோ மென்கம்பளியாகவோ இருக்க வேண்டும். நாம் அன்றாடம் விரும்பி அணியும் பருத்திப் பனியன் இங்கு உதவாது. அது வியர்வையில் ஊறி எளிதில் உலராது. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால், நனைந்த துணி உடற்சூட்டைக் கவர்ந்துவிடும்.

இரண்டாவது, கம்பளி போன்ற நடு அடுக்கு. அதன் இழைகளுக்கிடையே தங்கும் காற்றே சூட்டைக் காக்கிறது. மூன்றாவது, காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய மேற்சட்டை. கேமரன் மலையில் ஓடுவோருக்குப் பெரும்பாலும் முதல் அடுக்கும் மேற்சட்டையுமே போதும். கினபாலுவில் மூன்றும் தேவை. தொப்பியையும் கையுறையையும் மறத்தலாகாது.

இம்முறை நமக்கு முற்றிலும் அயலானதன்று. இருள் விலகுமுன் பால்வெட்டச் சென்ற நம் பெற்றோர், நீண்டகைச் சட்டையும் தலைத்துண்டும் அணிந்து சென்று, வெயில் ஏறியதும் மேலுடையைக் களைந்தனர். ஓட்டக்காரரும் அவ்வாறே செய்தல் வேண்டும். புறப்படும்போது சிறிது குளிர்வதே சரி. ஓடத் தொடங்கியதும் உடல் சூடேறும். வியர்த்து நனையும் முன்னரே ஓர் அடுக்கைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்க. நின்றவுடன் மீண்டும் அணிந்து, ஈர உடையைத் தாமதமின்றி மாற்றுக.

நடுக்கம், பேச்சுக் குழறல், கால் தடுமாற்றம் ஆகியவை அபாய அறிகுறிகள். உடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்குவது உயிருக்கே ஆபத்தாகும். அத்தகையோரைத் தனியே விடாமல், காற்றுப் படாத இடத்தில் அமர்த்தி, உலர்ந்த உடை அணிவித்து, உடனே மருத்துவ உதவி தேடுதல் வேண்டும்.

1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியை எட்டிய முதல் மலேசியர்களான மு. மகேந்திரனும் நா. மோகனதாசும் வெப்பநாட்டில் வாழ்ந்தவர்களே. குளிர் நமக்குத் தடையன்று, ஆயத்தமின்மையே தடை. அடுத்த மலைப் பயணத்திற்கு முன், காலணியோடு உடையையும் ஒருமுறை சரிபார்ப்போமாக!