மனநலச் சிகிச்சை: யாரிடம் போவது, என்ன கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது. நள்ளிரவில் விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் கிடையாது. போனில் மேனேஜர் பெயரைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கிறது. இப்படியே மாதக்கணக்கில் ஓட்டிவிட்டுத்தான் யாரையாவது பார்க்கலாமா என்று யோசிக்கிறோம். தேடினால் பெயர்கள் கொட்டுகின்றன. ஒருவர் எம்.டி., இன்னொருவர் எம்.எஸ்சி., அடுத்தவர் ‘லைஃப் கோச்’. எதுவும் புரியாமல் தேடலையே கைவிட்டவர்கள் நிறையப் பேர்.

பெங்களூருவின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, சிகிச்சை தேவைப்பட்டும் அது கிடைக்காமல் இருந்தவர்கள் நோய்க்கு நோய் 70 முதல் 92 சதவீதம் வரை. பணம், தூரம், கூச்சம் என்று இதற்குப் பல காரணங்கள். யாரிடம் போவது என்று தெரியாத குழப்பத்தையாவது இன்றைக்கே தீர்த்துக்கொள்ளலாம்.

பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகள்

சைக்யாட்ரிஸ்ட் எனப்படும் மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். நெரிசலான கிளினிக் என்றால் பத்து நிமிடத்துக்கு மேல் பேச நேரம் இருக்காது.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். உளவியலில் முதுகலைப் பட்டத்துக்கு மேல், மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய இரண்டாண்டு எம்.ஃபில். போன்ற அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருப்பார். அந்தப் பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். ஒழுங்காகப் படித்தவர் உடனே சொல்வார்.

எம்.ஏ., எம்.எஸ்சி. முடித்த கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட்டுகளுக்குப் பொதுவாக ஆர்.சி.ஐ. பதிவு இருக்காது. அதனால் அவர்கள் மட்டம் என்று அர்த்தமில்லை. வேலை அழுத்தம், உறவுச் சிக்கல், துக்கம் இவற்றுக்கு அருமையாக உதவுகிறவர்கள் அவர்களில் உண்டு. எங்கே பயிற்சி பெற்றார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். ‘கோச்’, ‘ஹீலர்’ என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். நோய் என்று வந்துவிட்டால் அங்கே போகாதீர்கள்.

முதலில் யாரிடம்? இரண்டு வாரமாகச் சாப்பாடும் தூக்கமும் கெட்டிருக்கிறது, படுக்கையை விட்டு எழ முடியவில்லை, யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது, குடி கட்டுமீறிவிட்டது என்றால் நேராக மனநல மருத்துவர். மற்றபடி சைக்காலஜிஸ்ட்டிடம் தொடங்கலாம். தேவைப்பட்டால் அவரே மருத்துவரிடம் அனுப்புவார். கூடவே தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் வரும் அசதியும் மந்தமும் மனச்சோர்வு போலவே தெரியும்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ‘நல்ல’ ஆளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 14416 என்ற அரசின் டெலி-மானஸ் உதவி எண் இலவசம், 24 மணி நேரமும் இயங்கும், தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போகலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று குடும்பங்கள் இன்னும் பயப்படுகின்றன. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம். அந்தப் பயத்தில் ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்காதீர்கள்.

எந்தத் தெரபி?

எல்லா வகையையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. உங்கள் சிக்கலுக்கு எது, ஏன் அது என்பதைச் சிகிச்சை தருபவர் எளிய தமிழில் விளக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த விளக்கம் சரியா என்று மதிப்பிட மட்டும் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

அதிகம் காதில் விழும் பெயர் சி.பி.டி., அதாவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஏரன் பெக் உருவாக்கிய முறை. “நாளைக்குக் கொஞ்சம் பேசணும்” என்று டீம் லீட் மெசேஜ் போடுகிறார். “வேலை போச்சு” என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. இரவெல்லாம் தூங்காமல், காலையில் லீவு சொல்லிவிடுகிறோம். சி.பி.டி.யில் இந்தச் சங்கிலியைத் தாளில் எழுதுவீர்கள்: நடந்தது என்ன, நினைத்தது என்ன, அந்த நினைப்புக்கு ஆதாரம் என்ன, லீவு போட்டதால் பயம் குறைந்ததா, வளர்ந்ததா. வீட்டுப்பாடம் உண்டு. பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகளில் முடியும். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் நிறைய ஆராய்ச்சி ஆதாரம் உள்ள முறை இது.

ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய்க்கு வேறு வழி. ஒரு மெயிலை அனுப்புவதற்கு முன் இருபது தடவை சரிபார்க்கிறவரிடம் “ஒண்ணும் ஆகாது, கவலைப்படாதீங்க” என்று ஆறுதல் சொன்னால் நோய் வலுக்கவே செய்யும். மறுபடி பார்க்காமல் அனுப்பிவிட்டு, அந்தத் தவிப்போடு இருந்து பழகுவதுதான் பயிற்சி. இதற்கு இ.ஆர்.பி. என்று பெயர். உங்களுக்கு ஓ.சி.டி. என்றால் “இ.ஆர்.பி. பயிற்சி உண்டா?” என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். விபத்து, வன்முறை போன்றவற்றின் தாக்கம் என்றால் அதற்கென்றே அமைந்த சி.பி.டி.யும் கண் அசைவுகளைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். முறையும் உண்டு. சிறுவயது முதல் தொடரும் உறவுச் சிக்கல்களுக்கு ஆழ்மனதை ஆராயும், மாதக்கணக்கில் நீளும் சைக்கோடைனமிக் முறை பலருக்குப் பயன்பட்டிருக்கிறது.

மருந்து வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் அது தோல்வி இல்லை. மனச்சோர்வு மருந்தின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம், சிலருக்கு இன்னும் கூடுதலாக. தேறிவிட்டோம் என்று நீங்களாகவே திடீரென நிறுத்தாதீர்கள்.

முதல் போனிலேயே கேளுங்கள்

டாக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவு என்று நினைத்தே வளர்ந்தோம். இந்தச் சிகிச்சைக்கு அந்தப் பழக்கம் உதவாது. உங்கள் மனதின் உள்ளறை வரை வரப்போகிறவரை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். என்ன படித்திருக்கிறீர்கள், என்னைப் போன்ற சிக்கலோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, எந்த முறையில் சிகிச்சை தருவீர்கள், தோராயமாக எத்தனை அமர்வு, கட்டணம் எவ்வளவு, வர முடியாமல் போனால் அந்தக் கட்டணம் உண்டா, நான் சொல்வதை யாரிடம் சொல்வீர்கள்? இதையெல்லாம் போனிலோ முதல் அமர்விலோ கேட்டால், பக்குவமானவர் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

மொழியையும் கவனியுங்கள். பெங்களூருவில் வேலை பார்க்கும் திருநெல்வேலிப் பெண்ணால் ஆபீஸ் தொல்லைகளை ஆங்கிலத்தில் சரளமாகச் சொல்ல முடியும். அப்பாவைப் பற்றிய பேச்சு வரும்போது ஆங்கிலம் நின்றுபோகும். திட்டுவதும் அழுவதும் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழி தெரிந்தவரைத் தேடுவது நல்லது. ஆன்லைன் வந்த பிறகு பெங்களூருவில் இருந்துகொண்டே மதுரையில் இருப்பவரிடம் பேசலாம். பேச ஒரு தனியிடம் வேண்டும். பி.ஜி. விடுதியில் பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தால் பாதியை விழுங்கிவிடுவீர்கள். நிறுத்திய காருக்குள் உட்கார்ந்தோ, அறைத்தோழி ஷிப்டுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்தோ பேசுங்கள்.

சில இடங்களிலிருந்து உடனே எழுந்து வந்துவிடலாம். “கல்யாணம் பண்ணா சரியாயிடும்” என்பவர், ஜாதகம் பார்க்கச் சொல்பவர், எந்த ஜாதி என்று துருவுபவர், மூன்றே அமர்வில் குணம் என்று உத்தரவாதம் கொடுத்து மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவர், உங்களைக் கேட்காமல் வீட்டுக்குப் போன் போடுபவர், அமர்வுக்கு வெளியே நெருக்கம் தேடுபவர். தன்பாலீர்ப்பை ‘மாற்றித் தருகிறேன்’ என்பவர் சட்டத்தையே மீறுகிறார். அப்படிப்பட்ட முயற்சிகளுக்கு 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை விதித்தார்.

ஆபீஸுக்குத் தெரிந்துவிடுமா?

பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ஊழியர் உதவித் திட்டம், அதாவது ஈ.ஏ.பி., உண்டு. வெளியிலிருக்கும் ஓர் அமைப்பு மூலம் சில அமர்வுகள் இலவசம். தொடங்க நல்ல இடம். ஹெச்.ஆர்.க்கு எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் போகிறதா, பெயரும் போகிறதா என்று அந்த அமைப்பிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆபீஸ் மெயில், ஆபீஸ் லேப்டாப் வேண்டாம். சொந்தப் போனில் பதிவு செய்யுங்கள்.

உங்கள் மனநலம் பற்றிய தகவலை ரகசியமாகக் காப்பது சிகிச்சை தருபவரின் சட்டக் கடமை. உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற சில சூழல்கள் மட்டுமே விலக்கு. மேனேஜரிடம் “உடல்நலக் காரணமாகப் புதன்கிழமைகளில் ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும், இரண்டு மாதத்துக்கு” என்றால் போதும். நோயின் பெயரைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். காப்பீட்டில் மனநோயையும் உடல்நோயையும் சமமாக நடத்த வேண்டும் என்று சொல்வதும் அதே 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம்தான். ஆனால் மருத்துவமனையில் சேராமல் எடுக்கும் தெரபிக்குப் பல பாலிசிகள் பணம் தருவதில்லை. பாலிசியைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் ‘பர்ன்அவுட்’ எனப்படும் பணிச்சோர்வு நோயாக இடம்பெறவில்லை, பணியிடத்தால் வரும் நிலையாகவே இடம்பெற்றிருக்கிறது. தினம் பதினான்கு மணி நேர வேலையையும் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தும் மேலதிகாரியையும் எந்தத் தெரபியும் சரிசெய்யாது. “உங்கள் தாங்கும் சக்தியை வளர்ப்போம்” என்று மட்டும் பேசுகிறவரைவிட, வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்பது எப்படி, டீம் மாறலாமா, வெளியேறினால் எத்தனை மாதம் சமாளிக்க முடியும் என்று உங்களோடு உட்கார்ந்து யோசிப்பவரே நல்ல சைக்காலஜிஸ்ட்.

இனிக் கட்டணம். சென்னையில் தனியாரிடம் ஓர் அமர்வுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று கேட்பது சாதாரணம். அது முடியாதென்றால் அரசு மருத்துவமனையை இரண்டாம்பட்சமாக நினைக்காதீர்கள். 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவுகள், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் என்று தமிழ்நாடு முழுக்க வசதி இருக்கிறது. காலையில் வரிசையில் நிற்க வேண்டும், அரை நாள் லீவு போட வேண்டியிருக்கும். ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்த அனுபவம் அந்த மருத்துவர்களுக்கு உண்டு.

வேலை செய்கிறதா என்று பாருங்கள்

முதல் அமர்வு முடிந்து வெளியே வரும்போது மனம் லேசாகலாம், கனக்கவும் செய்யலாம். இவற்றில் எதை வைத்தும் முடிவு செய்ய வேண்டாம். நாலைந்து அமர்வுக்குப் பிறகு பாருங்கள். அவர் என்னைப் புரிந்துகொண்டாரா? எதற்காகச் சந்திக்கிறோம் என்பதில் இருவரும் ஒரே கருத்தில் இருக்கிறோமா? செய்யச் சொல்வதில் எனக்கு அர்த்தம் தெரிகிறதா? 1979இல் உளவியலாளர் எட்வர்ட் போர்டின் சிகிச்சை உறவின் மூன்று கூறுகளாகச் சொன்னவை ஏறத்தாழ இவைதான். மனச்சோர்வு என்றால் பி.எச்.க்யூ.-9 என்ற ஒன்பது கேள்வித் தாளை முதல் நாளும் மாதம் ஒரு முறையும் நிரப்பச் சொல்லிக் கேளுங்கள். மொத்த மதிப்பெண் 27. அது இறங்குகிறதா என்று உங்களுக்கே தெரியும்.

மாற்றம் எதுவும் இல்லையென்றால் அதை அவரிடமே சொல்லுங்கள். வேறு முறைக்கு மாறவோ, வேறு ஆளைப் பரிந்துரைக்கவோ அவருக்கு ஒரு வாய்ப்பு அது. அதன் பிறகும் சரிவரவில்லையென்றால் விலகுவது நன்றிகெட்டதனம் ஆகாது. சொல்லாமல் காணாமல் போவதைவிட ஒரு மெசேஜ் போடுங்கள்: “மேடம், இதுவரை உதவியதற்கு நன்றி. வேறு முறையில் முயன்று பார்க்க நினைக்கிறேன். இதுவரை நடந்த சிகிச்சையின் சுருக்கத்தை எழுதித் தர முடியுமா?” உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. புதியவரைப் பார்க்கும் முதல் நாளே அந்தத் தாளைக் கையில் கொடுத்துவிட்டால், முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்லித் தீர்க்காமல் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.