ஜன்னலோரக் கீரை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

"எங்க கைக்குச் செடி தங்காது." மதுரையில் வாடகை வீடுகளில் இருப்பவர்கள் பலர் இப்படிச் சொல்லிவிட்டுக் காலித் தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். மொட்டை மாடி வீட்டுக்காரர் வசம் இருக்கும். வளவு வீடென்றால் முற்றம் நாலு குடும்பத்துக்கும் பொது. மிஞ்சுவது ஒரு ஜன்னலும் சமையலறை மேடையும்தான். அங்கே வைத்த செடி பட்டுப்போனதற்குக் கைராசியைக் குறை சொல்வது நியாயமே இல்லை. வெளிச்சம் போதாமலோ, தண்ணீர் அதிகமாகியோதான் பெரும்பாலும் அது போயிருக்கும். இரண்டையும் யார் வேண்டுமானாலும் சரிசெய்துகொள்ளலாம்.

"எங்க ஹால் நல்ல வெளிச்சம், செடி வரும்."

நம் கண்ணை இந்த விஷயத்தில் நம்பக் கூடாது. வெளிச்சம் குறையக் குறையக் கண் தன்னைப் பழக்கிக்கொள்ளும். செடிக்கு அந்த வசதி கிடையாது. உச்சி வெயிலில் தெருவில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். நேர்வெயில் படாத ஜன்னலிலிருந்து ஒரு கை தூரத்தில் அது ஓரிரு ஆயிரமாகிவிடும். அறையின் நடுவில், டியூப் லைட் எரியும்போதுகூடச் சில நூறுதான். ஜன்னலில் வெளிச்சம் நன்றாக வரும் நேரத்தில், தொட்டி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, ஓரடி மேலே கையைப் பிடித்துப் பாருங்கள். நிழலின் ஓரம் கத்தி போல விழுந்தால் கீரை வரும். மங்கலாக விழுந்தால் புதினாவும் கற்பூரவல்லியும் தாக்குப்பிடிக்கும். நிழலே விழாத இடத்தில் விதையை வீணாக்க வேண்டாம்.

"தெற்கு பார்த்த ஜன்னல்தான் செடிக்கு உகந்தது."

வீட்டுத்தோட்டப் புத்தகங்களிலும் வீடியோக்களிலும் திரும்பத் திரும்ப வரும் யோசனை இது. வடக்கே உள்ள குளிர் நாடுகளில் இது முழு உண்மை. லண்டனில் டிசம்பர் மாத உச்சிச் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்தில்தான் நிற்கும். வெயில் தெற்கு ஜன்னல் வழியாக அறையின் கோடி வரை போய் விழும். மதுரை இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகவே போய்வருகிறது. அந்த நான்கு மாதத்துக்கும் மேலாக, நேர் தெற்கு பார்த்த ஜன்னலில் நேர்வெயில் ஒரு கீற்றுகூட விழாது. மார்கழியில் விழும், ஆனால் அப்போதும் உச்சிச் சூரியன் 56 பாகைக்கு மேலே நிற்பதால், இரண்டடி நீளமுள்ள சன்ஷேடு சுவரில் மூன்றடிக்கு நிழல் போட்டுவிடும். நாலடி ஜன்னலில் கீழ் ஓரடிக்குத்தான் வெயில் எட்டும்.

ஆகவே நமக்குக் கிழக்கு ஜன்னல்தான் முதல். எதிர்வீட்டுச் சுவர் மறைக்காவிட்டால் காலை ஒன்பது மணி வரையாவது இளவெயில் உள்ளே வரும். கீரைக்கு அது போதும். மேற்கு ஜன்னலிலும் வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் பங்குனி, சித்திரையில் சுவரும் திண்டும் சேர்ந்து கொதிக்கும்போது சின்னத் தொட்டியின் வேர் வெந்துவிடும். அந்த இரண்டு மாதமும் மேற்கு ஜன்னல் தொட்டிகளை உள்ளே இழுத்து வையுங்கள். செல்லூர், மாசி வீதிச் சந்துகள் போல வீடுகள் நெருக்கமான இடங்களில், திசையை விட எதிர்ச்சுவரின் தூரம்தான் முக்கியம். எதிர்ச்சுவருக்கு வெள்ளையடித்திருந்தால் அதுவே ஒரு வரப்பிரசாதம்.

"தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் வீட்டுக்குள்ளேயே காய்க்கும்."

காய்க்காது. பூத்துக் காய்க்கிற செடிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளையில் பைகள், தென்னைநார்க் கழிவுக் கட்டி, காய்கறி விதைகள் எல்லாம் இருக்கும். நல்ல திட்டம்தான், ஆனால் அது மாடி வெயிலை மனதில் வைத்துத் தயாரித்தது. அதே பையை வரவேற்பறையில் வைத்தால் செடி வெளுத்து, கொடி போல நீண்டு சாயும்.

வீட்டுக்குள் இலை மட்டுமே நமக்கு. அதிலும் வெந்தயக்கீரையை மிஞ்ச ஒன்றும் இல்லை. அஞ்சறைப்பெட்டி வெந்தயமே விதை; இரவு ஊறவைத்துத் தூவினால் மூன்று நாலு நாளில் முளைக்கும், மூன்று வாரம் கடந்தால் அறுக்கலாம். கொத்தமல்லிக்குப் பொறுமை வேண்டும். முழு மல்லியை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தாலும் முளைக்க ஒன்றிரண்டு வாரமாகும். அதை ஐப்பசியிலிருந்து தை வரை வளர்க்கலாம். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது இலை விடாமல் பூத்து நின்றுவிடும். பச்சைப்பயறை முளைகட்ட வெளிச்சமே தேவையில்லை. சமையலறை மூலையில் இரண்டு நாளில் தயார்.

இதை வைத்துக் காய்கறிச் செலவே இல்லாமல் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் காய்கறி அளவு 400 கிராம். நாலு பேருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். எந்த ஜன்னலும் அதைத் தராது. அதற்குத்தான் நம்மூர் உழவர் சந்தை இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே 1999 நவம்பர் 14 அன்று இங்கே அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது.

"ஊதா நிற விளக்கு வாங்கினால்தான் செடி வளரும்."

வேண்டியதில்லை. செடி அதிகம் உறிஞ்சுகிற சிவப்பும் நீலமும் சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கிலும் உண்டு. தூரத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள்: கூரையில் எரியும் விளக்கால் செடிக்குப் பயனில்லை, தொட்டிக்கு அரையடி மேலே இருக்க வேண்டும். இரண்டு 20 வாட் பட்டை விளக்குகள் நாளுக்கு 12 மணி நேரம் எரிந்தால் அரை யூனிட்டுக்கும் குறைவு. இரண்டு மாதக் கணக்கில் சுமார் 29 யூனிட். வெந்தயக்கீரைக்குத் தாங்கும். தக்காளிக்குத் தாங்காது.

"தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும்."

மாடித்தொட்டிக்குச் சரி. வீட்டுக்குள் வெயிலும் காற்றும் குறைவு, ஈரம் மெதுவாகத்தான் காயும். தென்னைநார்க் கழிவு மேலே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். விரலை ஓரங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பதும் தவறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. ஜல்லிக்கு மேலேயே தேங்கி நின்று வேரை அழுகவைக்கும். ஓட்டையை ஒரு வலைத்துண்டால் மூடினால் போதும்.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரைச் செடிக்கு விடுவது சிக்கனம் என்று நினைக்கிறோம். போர்த் தண்ணீரின் உப்பெல்லாம் செறிந்து நிற்பது அந்தத் தண்ணீரில்தான். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவும் இலை நுனியில் கருகலும் தெரிந்தால் காரணம் அதுவே. அந்தத் தண்ணீரில் தரை துடையுங்கள்; செடிக்கு மழைநீரோ அரிசி கழுவிய தண்ணீரோ விடுங்கள்.

கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றும் வழக்கத்தில் கெடுதல் இல்லை, ஆனால் அதன் பலன் சிறிது. நரம்பு பச்சையாக இருக்க இலை மஞ்சளாகிறதென்றால் அது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்) கரைத்துத் தெளித்தால் தெளியும். அதைவிட முக்கியமாக, கறிவேப்பிலை வெயில் மரம். அதை வீட்டுக்குள் அடைக்காதீர்கள்.

"துளசி இரவிலும் ஆக்சிஜன் தரும். அறையில் செடி இருந்தால் காற்று சுத்தமாகும்."

வெளிச்சம் இல்லாமல் எந்தச் செடியும் ஆக்சிஜன் தராது. துளசியும் இரவில் நம்மைப் போலவே கரியமில வாயுவைத்தான் விடும். அதற்காகப் பயப்படவும் தேவையில்லை. பக்கத்தில் தூங்குகிற ஒருவர் விடுவதில் அது மிகச் சிறு பங்கு. காற்றைச் சுத்தம் செய்யும் கதை 1989இல் நாசா நடத்திய ஆய்விலிருந்து கிளம்பியது. அது காற்றுப் புகாத பெட்டிக்குள் நடந்த சோதனை. 2019இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துக் கணக்கிட்டார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய, சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி வேண்டும். நூறு சதுர அடி அறையில் தொண்ணூறுக்கும் மேல். ஜன்னலைத் திறப்பது எளிது.

துளசி, கற்பூரவல்லி வைத்தால் கொசு வராது என்ற நம்பிக்கைக்குத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். இலையைக் கசக்கினால் வரும் எண்ணெய்க்குத்தான் அந்தக் குணம்; சும்மா நிற்கும் செடி கொசுவை விரட்டாது. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் நிற்கும் தண்ணீரோ டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வீடு. முட்டையிலிருந்து கொசுவாக அதற்கு ஏழிலிருந்து பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டைகள் விளிம்பில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒருமுறை தட்டை நாரால் தேய்த்துக் கழுவுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைத் தவறவே விடக் கூடாது.

சந்தேகம் வந்தால் ஒத்தக்கடையில் யானைமலை அடிவாரத்து வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். பரணில் கிடக்கும் தொட்டியை இறக்கி, முதலில் வெள்ளைத்தாள் சோதனையைச் செய்யுங்கள். நிழல் கத்தி போல விழுகிற இடத்தில் ஒரு பிடி வெந்தயத்தை ஊறவைத்துத் தூவுங்கள்.