மணற்குழியும் மனவிடுதலையும்

ஜப்பானிய ஆசிரியர் கோபோ அபே 1962-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மணல் மாது’ என்னும் நாவலைக் கற்றோர் இரு கட்சியினராய்ப் பிரிந்து நிற்கின்றனர். கதை மிகச் சுருங்கியது. அரிய வண்டு தேடிக் கடற்கரை சென்ற பள்ளியாசிரியர் ஒருவரை அவ்வூரார், ஆழ்ந்த மணற்குழியில் தனித்துறையும் ஒரு பெண்ணின் வீட்டில் இறக்கி, நூலேணியை எடுத்துவிடுகின்றனர். நாடோறும் மணல் அள்ளாவிடில் வீடு புதையும், தண்ணீரும் கிடையாது. ஒருமுறை தப்பியோடியும் புதைமணலிற் சிக்கி மீண்டும் குழியடைகிறார். முடிவில், நோயுற்ற அப்பெண்ணை ஊரார் கொண்டுசென்றபொழுது ஏணி தொங்கியே இருந்தது, அவரோ போகவில்லை.

இம்முடிவே வழக்கிற்கு மூலம். அடிமை தன் தளையை விரும்பினான் என்பர் ஒரு சாரார். விரும்பித் தங்கும் இடம் சிறையன்று என்பர் மற்றொரு சாரார்.

நாம் ஒன்று கருதுவோம். காகம் பிடிக்க அவர் மணலிற் புதைத்த பொறிக்கு ‘நம்பிக்கை’ எனப் பெயரிட்டிருந்தார். காகம் அகப்படவில்லை, மணலினின்று ஊறிய நீரே அதில் நின்றது. தண்ணீரை மறுத்து அவரைப் பணிவித்த ஊராரின் வல்லமை அன்றே ஒழிந்தது. எனவே அவர் தங்கியது அச்சத்தாலன்று. தாம் கண்டதை எவர்க்கேனும் உரைக்கும் ஆவலால். தப்புவதைப் பிறகு பார்க்கலாம் என்றெண்ணினார்.

ஆயினும், ஏழாண்டு கழிந்தபின் அவர் காணாமற்போனவரென நீதிமன்றம் தீர்ப்பளித்த செய்தியோடு நூல் முடிகிறது. அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை. ஆதலின் இரு கட்சியும் பாதியே மெய் என்பது நம் துணிபு. அவர் பெற்ற விடுதலை மெய்; அதனைப் பழக்கம் மெல்ல மூடியதும் மெய். மாணவ நண்பர்களே, ஏணி தொங்கும்பொழுதும் நாம் ஓரிடத்தில் நிற்பது விருப்பாலோ, பழக்கத்தாலோ? இவ்வினாவை எழுப்புதலே இந்நூலின் பயன்.