காரணம் காட்டும், காலம் காட்டும் இணைப்புச் சொற்கள்

ஒரு செயல் ஏன் நடந்தது என்பதைக் காட்டுவன: பிகோஸ், சின்ஸ், அஸ்.
எப்போது நடந்தது என்பதைக் காட்டுவன: வென், வைல், அன்டில், சின்ஸ், அஸ்.

சின்ஸ், அஸ் ஆகியன இரு வரிசையிலும் இருப்பதைக் கவனிக்குக. மாணவர் பலர் புள்ளிகளை இழப்பது இங்கேதான்.

சின்ஸ் – காலம்:
சின்ஸ் ஃபாதர் வென்ட் அப்ரோட், வீ ஹாவ் லிவ்ட் வித் கிரான்ட்மதர்.
அப்பா வெளிநாடு சென்றதிலிருந்து நாங்கள் அம்மம்மாவுடன் வசிக்கிறோம்.

சின்ஸ் – காரணம்:
சின்ஸ் ஃபாதர் வோஸ் அப்ரோட், மதர் சைன்ட் த ஃபோர்ம்.
அப்பா வெளிநாட்டில் இருந்தபடியால் அம்மா படிவத்தில் கையொப்பமிட்டார்.

சோதிக்கும் முறை: தமிழில் 'இலிருந்து' பொருந்தினால் காலம், 'படியால்' பொருந்தினால் காரணம். காலப் பொருளில் பிரதான வாக்கியம் பெரும்பாலும் நிறைவு காலத்தில் வரும். மேலே 'ஹாவ் லிவ்ட்' என வந்துள்ளது. 'அஸ்' என்பதற்கு 'போது', 'படியால்' என இரண்டையும் பொருத்திப் பார்க்க.

தவிர்க்க வேண்டிய பிழைகள்

1. பிகோஸ் ஹீ வோஸ் சிக், சோ ஹீ டிட் நொட் கம். – பிழை.
இரு வாக்கியங்களை இணைக்க ஓர் இணைப்புச் சொல் போதும். 'சோ'வை நீக்குக.

2. ஐ வில் டெல் யூ வென் ஹீ வில் கம். – பிழை.
'அவர் வரும்போது சொல்வேன்' என்பது கருத்து. எதிர்காலக் கருத்தாயினும் கால உபவாக்கியத்தில் 'வில்' வராது. 'வென் ஹீ கம்ஸ்' என்பதே சரி.

பயிற்சி: காரணமா, காலமா?
அ. அஸ் ஐ வோஸ் டயர்ட், ஐ வென்ட் டு பெட்.
ஆ. வெயிட் ஹியர் அன்டில் த பஸ் கம்ஸ்.
இ. இட் ஹாஸ் ரெயின்ட் சின்ஸ் வீ கேம்.

விடைகள்: அ. காரணம் ஆ. காலம் இ. காலம்