ஆண்களின் மார்பு வீக்கம்: அறுவை சிகிச்சை கூடுமா?



மார்பு பெரிதாக இருப்பதால், இஹ்ராம் துணி உடுத்த வெட்கப்பட்டு உம்ராவையே தள்ளிப்போடும் இளைஞர்கள் உண்டு. அறுவை சிகிச்சை செய்தால் படைப்பை மாற்றிய பாவம் சேருமோ என்றும் அஞ்சுகிறார்கள்.

அல்லாஹ்வின் படைப்பை மாற்றத் தூண்டுபவன் ஷைத்தான் என்று குர்ஆன் (4:119) எச்சரிக்கிறது. அழகுக்காகப் பல்லில் இடைவெளி உண்டாக்கும் பெண்களை நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள். அதே நபியவர்கள்தான், போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்கு வெள்ளி மூக்கு துர்நாற்றம் எடுத்தபோது, ஆண்களுக்கு ஹராமான தங்கத்திலேயே செய்துகொள்ளச் சொன்னார்கள் (அபூதாவூத், திர்மிதீ). ஆக, அழகைக் கூட்டுவது வேறு. குறையை நீக்குவது வேறு. 2007-ல் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், உடலுக்கோ மனதுக்கோ துன்பம் தரும் குறையைச் சரிசெய்ய அனுமதித்தது.

முடிவெடுக்குமுன் மூன்றைப் பாருங்கள்.

முதலாவது, காரணம். பருவ வயதில் வருவது பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே வடிந்துவிடும், பொறுங்கள். வெறும் கொழுப்பென்றால் எடையைக் குறையுங்கள். சில மருந்துகளாலும், ஜிம்மில் போடும் ஸ்டீராய்டு ஊசியாலும், கல்லீரல் நோயாலும் வரும். ஒரு பக்கம் கட்டியாக இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆணுக்கு மார்பு அவ்ரத் அல்ல.

இரண்டாவது, ஆபத்து. தழும்பு, இரத்தக்கட்டு, உணர்விழப்பு ஏற்படலாம்.

மூன்றாவது, நிய்யத். துன்பம் நீங்கவா, பிறர் பார்த்து வியக்கவா?

பிறகு இஸ்திகாரா தொழுது முடிவெடுங்கள். செய்யாமல் பொறுத்தவருக்கும் எந்தக் குறையுமில்லை. கேலி செய்வோரே, ஒரு கூட்டம் மற்றொரு கூட்டத்தைப் பரிகசிப்பதைத் தடுக்கும் வசனத்தை (49:11) அஞ்சிக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியமும் தெளிவும் தருவானாக! ஆமீன்.