பார்மசி சீட்டுக்கு எவ்வளவு போட்டி? லோயர் கேம்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

லோயர் கேம்ப்பில் நின்று அண்ணாந்து பார்த்தால் பவர் ஹவுஸுக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் தெரியும். மலைக்கு மேலே குமுளி, கேரளா. அங்கே பி.பார்ம் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மலைக்குக் கீழே நமக்கு அது கிடையாது, நீட்டும் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். அப்படியானால் சுலபம் என்று அசட்டையாக இருப்பவர்களும் உண்டு. கட்-ஆஃப் எகிறிவிட்டதாம் என்று பயந்து, ரிசல்ட் வந்த மறுநாளே தனியார் கல்லூரியில் அட்வான்ஸ் கட்டுபவர்களும் உண்டு. இரண்டு பேரும் ஏமாறுகிறார்கள். போட்டியெல்லாம் அரசுக் கல்லூரி சீட்டுக்குத்தான்.

வேலை பதினோராம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே தொடங்குகிறது. இயற்பியல், வேதியியல் கட்டாயம். கூடவே உயிரியலோ கணிதமோ வேண்டும். காமர்ஸ் எடுத்துவிட்டுப் பிறகு பார்மசி என்று வந்தால் வழி இல்லை.

அடுத்து, அரசு சீட்டின் கணக்கைப் பிள்ளையோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். நமக்குக் கிட்டத்தில் இருப்பது மதுரை மருத்துவக் கல்லூரியின் பார்மசி பிரிவு. ஒரு கல்லூரியில் 60 இடம் என்று வைத்துக்கொண்டால், பொதுப் போட்டிக்கு 31 சதவீதம், அதாவது 18 அல்லது 19 இடம். பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5 சதவீதம், ஏறக்குறைய 16. மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 20 சதவீதம், 12. இவ்வளவு இடத்துக்கு மாநிலம் முழுவதும் மோதுகிறது. வேதியியலில் நாலு மதிப்பெண் போனால் எத்தனை பேர் முந்துவார்கள் என்பது அப்போது புரியும்.

சான்றிதழ்களைத் தேர்வு முடிந்த கையோடு எடுத்து வையுங்கள். சமூகச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். நமக்குத் தாலுகா உத்தமபாளையம். ஏலத்தோட்ட வேலைக்காக அப்பா அம்மா மலையேறியதால் சில வருடம் கேரளத்தில் படித்த பிள்ளை என்றால் நேட்டிவிட்டி சான்றிதழை மறக்கவே கூடாது. கடைசி வாரத்தில் அலைந்தால் சர்வர் டவுன் என்பார்கள்.

ரிசல்ட்டுக்குப் பிறகு சென்னை மருத்துவக் கல்வி இயக்ககத் தேர்வுக் குழுவின் அறிவிப்பு வரும். பி.பார்ம், பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி எல்லாவற்றுக்கும் ஒரே ஆன்லைன் விண்ணப்பம். கவுன்சலிங்கில் அரசுக் கல்லூரிகளை முதலில் வையுங்கள், அதன் பிறகு தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களை வையுங்கள். இந்த ஒதுக்கீட்டை விட்டுவிட்டு நேராக மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். மதுரை ஹாஸ்டலில் தங்கும் பிள்ளைக்கு அது பஸ் காசாவது ஆகும்.

பி.பார்ம் சீட் கிடைக்கவில்லையா? டி.பார்மைக் கேவலமாக நினைக்காதீர்கள். இரண்டு வருடப் படிப்பு, பிறகு 500 மணி நேரப் பயிற்சி. பார்மசிஸ்டாகப் பதிந்து மெடிக்கல் ஷாப்பில் உட்காரலாம். விருப்பம் இருந்தால் பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். வருடம் வீணாகாத வழி இது என்பது என் கருத்து.

தனியாரில் சேர்வதானால் ஒன்றை மட்டும் விடாமல் பாருங்கள். புதிய பார்மசி கல்லூரிகளுக்கு இந்திய பார்மசி கவுன்சில் போட்டிருந்த தடை செல்லாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் புதுப்புது போர்டுகள் கண்ணில் படும். கவுன்சிலின் இணையதளத்தில் அந்தக் கல்லூரி, அந்தப் படிப்பு, இந்த ஆண்டு ஆகிய மூன்றுக்கும் அங்கீகாரம் இருக்கிறதா என்று தேடுங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி பார்மசிஸ்டாகப் பதிய முடியாது. 'காலேஜுக்கே போக வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்' என்று வெளிமாநிலத்துக்குக் கூப்பிடும் புரோக்கரிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள்.

கவுன்சலிங் முடியும்வரை ஒரிஜினல் டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் எந்தக் கல்லூரியிடமும் கொடுக்காதீர்கள்.