சுண்ணாம்பு நீர் சொட்டட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

சமூக மன்ற ஆண்டு மலரில் வந்த உங்கள் கட்டுரையை நேற்றிரவு படித்தேன். வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் மூன்றடித் தொட்டி, 200 லிட்டர் கடல்நீர், அதன் முதல் நான்கு மாதக் கதை. உப்பு கலப்பது, கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரைப் பொருத்துவது, நீரைக் குளிர்விக்கும் சில்லரின் வெப்பக்காற்றை எந்தப் பக்கம் வெளியேற்றுவது, இதிலெல்லாம் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கட்டுரையோடு அச்சாகியிருக்கும் அட்டவணையைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் போனது.

காரத்தன்மை என்ற வரிசையைச் சொல்கிறேன். திங்கள் மாலை 7.2 டி.கே.எச். செவ்வாய் காலை 10.8. வியாழன் 8. வெள்ளி 11. “ஒரே இரவில் சரிசெய்துவிட்டேன்” என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பக்கத்தில் அக்ரோபோரா பவளத்தின் படம்: நுனியெல்லாம் சதை கழன்று வெள்ளை எலும்பு தெரிகிறது. கீழே, கால்சியம் 420 சரியாக இருந்தும் ஏன் இப்படி ஆனது என்று புரியவில்லை என்கிறீர்கள். தம்பி, காரணத்தை முந்தின பக்கத்தில் நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள்.

கால்சியத்தைப் பார்த்து ஆறுதல் அடைவதை முதலில் விடுங்கள். பவளம் தன் எலும்பைக் கட்டும்போது லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் எடுத்தால், கூடவே 2.8 டி.கே.எச். காரத்தன்மையையும் எடுத்துக்கொள்கிறது. கடல்நீரில் கால்சியத்தின் இருப்பு பெரியது, 410, 420 என்று நிற்கும். காரத்தன்மையின் இருப்போ 7 சொச்சம். அதனால் கால்சியம் 420-இலிருந்து 400-க்கு இறங்கும்போது உங்கள் சோதனைப் புட்டிக்கு அது கண்ணில்கூடப் படாது. அதற்குள் காரத்தன்மை 8-இலிருந்து 5.2-க்கு விழுந்திருக்கும். தினமும் பார்க்க வேண்டிய எண் ஒன்றே ஒன்றுதான். அதை நீங்கள் பார்த்தீர்கள், நல்லது. ஆனால் பார்த்தவுடன் கை நீண்டுவிட்டது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

7.2 என்ன குற்றம் செய்தது? கடலிலேயே ஏறத்தாழ அவ்வளவுதான். பவளம் 7-இலும் வாழும், 9-இலும் வாழும். 7-இலிருந்து 11-க்கு ஒரே இரவில் இழுத்தால் வாழாது. அதிலும் உங்கள் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். பளிங்குபோன்ற நீர் என்று அதற்காக மகிழ்ந்திருக்கிறீர்கள். நான் பார்த்தவரை, சத்தே இல்லாத நீரில் காரத்தன்மையை ஏற்றினால் முதலில் எரிவது நுனிதான். எலும்பு முன்னே ஓடப் பார்க்கிறது, மேலே போர்த்தும் சதைக்கோ தீனி இல்லை. மீனுக்கு இன்னும் கொஞ்சம் உணவு போடுங்கள். நைட்ரேட் சற்றே தலைகாட்டட்டும்.

படத்தில் தொட்டியின் பக்கத்து மேசையில் வரிசையாக நிற்கும் புட்டிகளையும் பார்த்தேன். அவற்றின் விலை எனக்குத் தெரியும். அந்த வேலையில் முக்கால்வாசியைச் சுண்ணாம்பு நீர் செய்துவிடும். என்னை அறிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள், கிழவர் ஆரம்பித்துவிட்டார் என்று. சிரிக்கட்டும். ஐரோப்பாவில் பீட்டர் வில்கென்ஸ் 1970களிலேயே எழுதி வைத்த முறை இது. இன்றுவரை இதைவிட நேர்மையான ஒன்றை நான் காணவில்லை. கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. வெற்றிலையில் தடவுவதும் அதே வேதிப்பொருள்தான். அதற்காகக் கடையில் விற்கும் வெற்றிலைச் சுண்ணாம்பை வாங்கிப் போட்டுவிடாதீர்கள், அதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தூய்மையான பொடி வேண்டும். ஒரு லிட்டர் வடிகட்டிய ஆர்.ஓ. நீருக்கு இரண்டு கிராம் போட்டு மூடிக் குலுக்கி வையுங்கள். ஒன்றே முக்கால் கிராம்வரை கரையும், மீதி அடியில் தங்கும். மேலே நிற்கும் தெளிந்த நீர்தான் உங்களுக்கு வேண்டும். அடியில் தங்கிய வண்டலைக் கலக்கக் கூடாது, பொடியில் இருக்கும் அழுக்கில் ஒரு பங்கு அதோடு தங்கிவிடுகிறது. மூடியைத் திறந்தே வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு மேலே ஆடை கட்டும், நீரும் வீரியம் இழக்கும்.

இதன் அழகு என்னவென்றால், பவளம் எந்த விகிதத்தில் கால்சியத்தையும் காரத்தன்மையையும் எடுக்கிறதோ அதே விகிதத்தில் இது இரண்டையும் திருப்பித் தருகிறது. உங்கள் 200 லிட்டரில் ஒரு லிட்டர் தெளிந்த சுண்ணாம்பு நீர் போனால் காரத்தன்மை அரை டி.கே.எச்.சுக்குச் சற்று மேலே ஏறும், கால்சியம் 4 ஏறும். ஆவியாகிப் போகும் நீருக்குப் பதிலாக இதையே விட வேண்டும், அதுவும் சொட்டுச் சொட்டாக, இரவில். மருத்துவமனைச் சலைன் குழாய் போதும். இதன் பி.எச். 12-க்கு மேல். கையில் பட்டால் புண்ணாகும், கண்ணில் படவே கூடாது. நிறைய நீரை மொத்தமாகத் தொட்டியில் கவிழ்த்தால் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடலாம். அந்த அபாயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவசரப்படவே விடாத மருந்து என்பதால்தான் உங்களுக்கு இதைச் சிபாரிசு செய்கிறேன்.

இன்னொன்று. இரவு முழுக்க ஜன்னலைச் சாத்திக் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு நான்கு பேர் தூங்கும் வீடு உங்களுடையது. நம் மூச்சின் கரியமில வாயு அறையில் தேங்குகிறது, தொட்டி நீர் அதைக் குடிக்கிறது, பி.எச். 7.8-க்கு இறங்குகிறது. அதைச் சரிக்கட்டவும் ஒரு புட்டி வாங்கியிருக்கிறீர்கள். சுண்ணாம்பு நீர் அந்த வாயுவைப் பிடித்துக் கார்பனேட்டாக மாற்றி உங்கள் பவளத்துக்கே தீனியாக்கிவிடும். காலையில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தாலும் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். இதில் என் வருத்தம் இன்னும் அதிகம். கடைசிப் பக்கத்தில் மாண்டரின் மீன். நான்கு மாதத் தொட்டியில் மாண்டரின் மீன்!

அதன்மேல் உங்களுக்கு ஆசை வந்ததற்காக உங்களைக் குறை சொல்ல முடியாது. முதுகெலும்புள்ள உயிர்களில் நீலம் என்பது பெரும்பாலும் ஒளி செய்கிற வேலை, உடலில் நீல நிறமி இருக்காது. மாண்டரின் மீனும் அதன் நெருங்கிய உறவு ஒன்றும்தான் தோலிலேயே உண்மையான நீல நிறமி செல்கள் கொண்டவையாக அறியப்பட்டவை. அப்படி ஓர் உயிர். ஆனால் அது விடிந்ததிலிருந்து அடையும்வரை பாறையைக் கொத்திக்கொண்டே இருக்க வேண்டும். அது கொத்துவது கோபிபாடுகளை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஊரும் சின்னஞ்சிறு ஓட்டுயிர்களை. காய்ந்த தீனியைப் பெரும்பாலும் திரும்பியும் பார்க்காது. உங்கள் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வயிறு உள்வாங்கியிருக்கிறது, பக்கத்து எலும்பு தெரிகிறது. “அமைதியான மீன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது பட்டினியில் கிடக்கிறது.

அதற்கு வேண்டிய கோபிபாடு உங்கள் தொட்டியில் ஏன் இல்லை? தொட்டியைக் காய்ந்த பாறையில் தொடங்கியிருக்கிறீர்கள். ப்ளீச்சில் ஊறி வெயிலில் காய்ந்த பாறை, மேலே ஒரு புட்டி பாக்டீரியா. வேண்டாத பூச்சிகள் வராது என்று கடையில் சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். வேண்டியவையும் வராது. சிற்றோட்டுயிர்கள், புழுக்கள், கடற்பஞ்சுகள், இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசி எல்லாம் குடியேறி ஒன்றையொன்று தின்று பெருகி ஓர் ஒழுங்குக்கு வர, காய்ந்த பாறைக்கு ஒரு வருடத்துக்கு மேலேயே ஆகும். நான்கு மாதத்தில் அது வெறும் கல்.

இந்தக் கலையே உயிருள்ள கல்லில் தொடங்கியது, தம்பி. அதுவும் நமக்குப் பக்கத்தில்தான். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், 1961-இல் அமெரிக்க மீன் இதழ் ஒன்றில் தன் தொட்டிகளைப் பற்றி எழுதினார். கடலிலிருந்து உயிரோடு எடுத்த பாறை, கடல்நீர், மெல்லிய காற்றுக் குமிழி, வெளிச்சம், அவ்வளவுதான். அந்தப் பாறையில் ஒட்டி வந்த உயிர்களே நீரைச் சுத்தம் செய்தன. அந்தக் காலத்தில் மற்றவர்கள் வெளுத்த பவள எலும்புக்கூடுகளை அலங்காரத்துக்கு அடுக்கி, அவற்றைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு ஜெர்மானியர்கள் உயிர்ப்பாறையோடு ஸ்கிம்மரைச் சேர்த்தார்கள், பெர்லின் முறை என்று பெயர் வந்தது. லீயின் கட்டுரையின் மங்கிய நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. சிராங்கூன் பக்கம் மீன்கடை வைத்திருந்த ஒரு சீனப் பெரியவர் கொடுத்தார். ஆங்கிலம் எனக்கும் அரைகுறை, அவருக்கும் அரைகுறை. கடையை மூடிய பிறகு இருவரும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, படித்துப் படித்துப் பேசிக்கொண்டிருப்போம். அவர் தன் தொட்டியில் ஏதாவது ஒரு பவளம் கைப்பிடி அளவு வளர்ந்ததும் உடைத்து நாலு பேருக்குக் கொடுத்துவிடுவார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. பிறகு ஒரு நாள் அவர் கடையில் பம்பு நின்று பாதித் தொட்டிகள் போயின. அடுத்த வாரமே நாங்கள் நாலு பேரும் அதே பவளத்தின் துண்டுகளை அவருக்கே திருப்பிக் கொண்டுபோனோம்.

அவரோடுதான் புலாவ் ஹந்துத் தீவுக்கும் போயிருக்கிறேன். இங்கே சிங்கப்பூரில் வருட நடுவில் நீர் மிகத் தாழ்ந்து வடிவது விடியலுக்கு முன்னால்தான். 1998-இல் அப்படிப் போனபோது டார்ச் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் பவளம் வெள்ளைவெளேரென்று கிடந்தது. கடல் வெப்பம் ஓரிரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நின்றதற்கு, தங்களுக்குள் குடியிருந்து உணவூட்டிய நுண்பாசியை அவை வெளியேற்றியிருந்தன. பெரியவர் வாயே திறக்கவில்லை. பல கூட்டங்கள் பிறகு நிறம் மீண்டன. 2010-இலும் 2016-இலும் 2024-இலும் மறுபடி வெளுத்தது. நம்முடைய கடல் கலங்கல் கடல், சத்து மிகுந்த கடல். நிலமீட்பில் நம் பவளத்திட்டுகளில் பாதிக்கு மேல் மண்ணுக்கடியில் போயும், சுமார் 250 வகை வன்பவளங்கள் இந்தக் கலங்கலில் வாழ்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்குக் கலங்கல் பழகிவிட்டது, திடீர் மாற்றம்தான் பழகவில்லை. உங்கள் பளிங்கு நீரைப் பார்க்கும்போது எனக்கு ஹந்து ஞாபகம் வந்தது அதனால்தான்.

இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். பிஸ்டல் இறாலையும் கோபி மீனையும் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு பத்தி! தமிழில் கடலுயிர் ஒன்றைப் பற்றி இவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதியதை நான் வெகுகாலமாகப் படிக்கவில்லை. அரைக்குருடான இறால் மணலை அள்ளிக்கொண்டு வெளியே வரும்போது ஒரு மீசையை எப்போதும் மீனின் மேல் வைத்திருப்பதையும், மீன் வாலை ஒரு துடி துடித்ததும் இறால் பின்னோக்கியே வளைக்குள் போவதையும் இருட்டில் உட்கார்ந்து பார்த்து, பார்த்ததை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கோபி இனங்கள் இப்படி இறாலோடு குடித்தனம் நடத்துகின்றன. ஆனால் உங்கள் கோபி வேறு, அது உங்கள் வீட்டு மீன் என்று அந்தப் பத்தி நம்ப வைக்கிறது. என் மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், இரண்டு முறை. அந்த இறால் எப்போதாவது பெரிய கொடுக்கை இழந்தால் கலங்காதீர்கள். எதிர்ப்பக்கத்துச் சிறிய கொடுக்கு அடுத்தடுத்த சட்டை உரிப்பில் வெடிக்கும் கொடுக்காக வளர்ந்துவிடும், இழந்த இடத்தில் சிறியது முளைக்கும். அதையும் பார்த்து எழுதுங்கள்.

அந்தப் பத்தியை எழுதியவர் எப்படி அந்த அட்டவணையையும் எழுதினார் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. இறால் முன்னால் அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்த கண் பவளத்தின் முன்னால் ஏன் உட்காரவில்லை?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காரத்தன்மைப் புட்டிகளை எல்லாம் அலமாரியில் வையுங்கள். ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள், 6.5-க்குக் கீழே போகாதவரை எதையும் சேர்க்க வேண்டாம். ஒரு நாளைக்கு எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்த பிறகு அந்த அளவுக்கு மட்டும் சுண்ணாம்பு நீர். எரிந்த நுனிகளை வெட்ட வேண்டாம், அடியில் சதை இருக்கிறது, தானே மூடிவரும்.

மாண்டரின் மீனை இந்த ஞாயிறு என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். என் தொட்டி பழையது, அதன் கீழுள்ள சம்ப் தொட்டியில் பாசிக்கட்டு நிறைய கோபிபாடு மண்டிக்கிடக்கிறது, மாண்டரினுக்குப் போட்டியாகக் கொத்தும் ராஸ் மீனும் என்னிடம் இல்லை. வலையால் பிடிக்காதீர்கள், முள் சிக்கும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீருக்குள் அமிழ்த்தி மெல்ல உள்ளே ஓட்டுங்கள். அதுவரை புதிதாகப் பொரிந்த ஆர்ட்டீமியாக் குஞ்சுகளை பம்பை நிறுத்திவிட்டு அதன் முகத்துக்கு நேரே விடுங்கள், நாளுக்கு மூன்று முறையாவது. திரும்பிப் போகும்போது என் சம்ப்பிலிருந்து இரண்டு கல்லும் ஒரு கைப்பிடி பாசியும் தருகிறேன், வாளியோடு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த தொட்டிக்காரன்